மைப்படிகளை எடைக்குப் போடாதீர்கள்: கல்லூரி ஆட்சிக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆட்சிக்குழுத் தலைவருக்கும் செயலருக்கும் உறுப்பினர்களுக்கும்,

சென்ற ஆவணியில் கல்லூரியிலிருந்து பதிவுத் தபாலில் ஓர் அறிவிப்பு அனுப்பினீர்கள். வரலாற்றுத் துறையின் பழைய ஆய்வறையில் இருந்த 'தனிநபர் உடைமைகளை'ப் பதினைந்து நாட்களுக்குள் எடுத்துச் செல்ல வேண்டும் என்றும், தவறினால் அவை பயனற்ற காகிதங்களாகக் கருதப்பட்டு, விலைப்புள்ளி கோரி அகற்றப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. உறையின் மேல் எழுதியிருந்தது உங்கள் கல்லூரியில் 31 ஆண்டுகள் வரலாறு கற்பித்த பேராசிரியரின் பெயர். அவர் தை மாதமே காலமாகிவிட்டார். கையெழுத்திட்டுத் தபாலை வாங்கியவர் அவருடைய மனைவி.

இதைப் பற்றிச் செயலருக்கு இரண்டு கடிதங்கள் எழுதினேன், பதில் வரவில்லை. நேரில் வந்து கேட்டபோது, "இடம் இல்லை அம்மா, நாங்கள் என்ன செய்வது" என்ற ஒரு வாக்கியத்துடன் பேச்சு முடிந்தது. அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பேராசிரியருடைய பெயரை எழுத வேண்டாம் என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டார். நாங்கள் அனைவரும் அக்கா என்று அழைக்கும் அவருடைய சொல்லுக்குக் கட்டுப்படுகிறேன். கல்லூரியின் பெயரை நானாகவே விட்டிருக்கிறேன். என் பணிக்காலம் முழுவதும் எனக்குச் சோறு போட்ட இடம் அது. உங்கள் முடிவு மாறுமானால் அதன்மீது எந்தக் கறையும் தங்க வேண்டாம்.

நீங்கள் காகிதம் என்று குறிப்பிட்டிருப்பவை எவை என்பதை முதலில் சொல்ல வேண்டும். அவை கல்வெட்டு மைப்படிகள் 640 தாள்கள், கள ஆய்வு நோட்டுகள் 46, கடிதங்களும் ஊர்ப் படங்களும் அடங்கிய அட்டைப் பெட்டிகள் நான்கு. கோயில் சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டிக் கழுவி, நனைத்த தாளைக் கல்லின் மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டி, ஈரம் பாதி உலர்ந்த நிலையில் கரியும் கோந்தும் கலந்த மையைத் துணிப்பந்தால் ஒற்றினால், கரிய தாளில் எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். அதுவே மைப்படி. ஒரு நல்ல படி எடுக்க ஒரு காலைப்பொழுது போய்விடும். மதிய வெயில் ஏறிவிட்டால் தாள் காய்ந்து, எடுத்த பாடு முழுவதும் வீணாகும். அதற்காகவே பேராசிரியர் விடியற்காலை முதல் பேருந்தைப் பிடித்துப் போவார். பேருந்து போகாத ஊர்களுக்கு டிவிஎஸ் 50 வண்டியில், பின்னால் கட்டிய தாள் சுருளுடன் போவார்.

நான் 1991-இல் இக்கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். கல்வெட்டுப் படிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது; ஆனால் மணமாகாத பெண் ஒருத்தி ஆண் ஆசிரியருடன் ஊர் ஊராகப் போவதை அன்று குடவாசல் பக்கத்து ஊர்கள் எப்படிப் பார்க்கும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். 'உங்களுக்கு அது சரிப்படாது' என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேருந்து நிறுத்தத்தில் அவர் அக்காவுடன் வந்து நின்றார். அன்றிலிருந்து ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் நாங்கள் மூவராகவே போனோம். ஏணியைப் பிடிப்பதற்காக வந்த அக்கா மூன்றாம் ஆண்டில் எங்கள் இருவரையும்விட நன்றாகத் தூரிகை தட்டினார். அந்த 640 தாள்களில் பாதிக்கு மேல் அவருடைய கை பட்டவை. உங்கள் அறிவிப்பை வாங்கிப் படித்தவை அந்தக் கைகள்தான் என்பதை நீங்கள் அறிய வேண்டும்.

அவருடைய பெருந்தன்மையைப் பற்றிப் பொதுவாகச் சொன்னால் இரங்கல் தீர்மானம் போல ஆகிவிடும். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

1997-இல் ஒரு சோழர்காலக் கோயிலின் நிலக்கொடை பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டேன். கல்வெட்டில் நில அளவு வரும் இடத்தில் 'முக்கா' என்ற எழுத்துகளுக்குப் பின் கல் பொரிந்திருந்தது. நான் அதை 'முக்காலே' என்று படித்தேன். வேலியும் மாவும் பழைய நில அளவுகள்; இருபது மா ஒரு வேலி. முக்கால் வேலி என்றால் பதினைந்து மா; இன்றைய கணக்கில் ஏறத்தாழ ஐந்து ஏக்கர். அந்த ஒரு சொல்லின் மேல்தான் என் கட்டுரையின் முடிவு முழுவதும் நின்றது. கட்டுரை அச்சாகி ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து நான்கு பக்கக் கடிதம் வந்தது. அடுத்த அறையில் இருந்தவர்தான். ஆனாலும் பிறர் காதில் விழக்கூடாது என்று கடிதமாக எழுதினார். அது 'முக்காலே' அன்று, 'முக்காணி' என்று அதில் காட்டியிருந்தார். காணி என்பது வேலியில் எண்பதில் ஒரு பங்கு. முக்காணி என்றால் முக்கால் மா; அதாவது கால் ஏக்கர். நான் ஐந்து ஏக்கர் என்று எழுதியது இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிப்போயிற்று. அதே சுவரில் அவர் முன்பே எடுத்து வைத்திருந்த மைப்படியைக் கடிதத்துடன் சேர்த்து மடித்து வைத்திருந்தார். பக்க வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ணகரத்தின் சுழியும் அதன் தலைமேல் இகர வளைவும் மங்கலாகத் தெரிந்தன.

அவர் அந்தத் திருத்தத்தைத் தம் பெயரில் ஒரு கட்டுரையாக வெளியிட்டிருக்கலாம். கல்வித்துறையில் அப்படித்தான் செய்வார்கள்; அதில் தவறும் இல்லை. கடிதத்தின் இறுதியில் அவர் எழுதியிருந்தது: "அம்மா, இதை நீங்களே திருத்தி வெளியிடுங்கள். என் பெயர் வேண்டாம். படியின் எண்ணை மட்டும் குறிப்பிடுங்கள், நாளைக்கு யாராவது நம் இருவரையும் சோதித்துப் பார்க்க வேண்டுமே." நான் திருத்தி வெளியிட்டேன். அவர் பெயரையும் சேர்த்தேன். அதற்காக இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை.

2000-க்குப் பிந்தைய திருப்பணி ஒன்றில் அந்தச் சுவரில் மணல்வீச்சு இயந்திரத்தை வைத்துச் சுத்தம் செய்தார்கள். டெல்டாவில் பல கோயில்களுக்கு நேர்ந்ததுதான் அது. அழுக்குடன் எழுத்தும் போய்விட்டது. இன்று அங்கே போய்ப் பார்த்தால் வழவழப்பான கல்தான் இருக்கிறது. முக்காலா, முக்காணியா என்பதற்கு இந்த உலகத்தில் மீந்திருக்கும் ஒரே சாட்சி அந்தத் தாள். சென்ற ஆடியில் ஆய்வறையைக் காலி செய்தபோது நீங்கள் அதை விடுதிச் சமையற்கூடத்தின் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் போட்டிருக்கிறீர்கள்.

கொட்டகையை நான் பார்த்தேன். காவலர் இரக்கப்பட்டுக் கதவைத் திறந்துவிட்டார். கட்டுகள் தரையிலேயே கிடக்கின்றன. கீழே ஒரு பலகைகூட இல்லை. மேற்கு மூலையில் தகரம் விலகி வானம் தெரிகிறது. அடியில் இருந்த இரண்டு கட்டுகளில் கரையான் மண் ஏறியிருந்தது. ஈரம் பட்ட தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரிக்கும்போது மை உரிந்து வந்துவிடும். அதன்பிறகு அதில் படிக்க எதுவும் இருக்காது. இப்போது புரட்டாசி. ஐப்பசி அடைமழை தொடங்கினால் அந்தக் கொட்டகைக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும் என்பதை விடுதியில் தங்கிப் படித்த எந்த மாணவரும் உங்களுக்குச் சொல்வார்.

'தனிநபர் உடைமை' என்ற சொல்லுக்கு வருகிறேன். இவை முன்பு அவர் வீட்டில்தான் இருந்தன. 2018 நவம்பர் 16-ஆம் நாள் விடிவதற்கு முன் கஜா புயல் கரையைக் கடந்தபோது அவருடைய ஓட்டு வீட்டின் கூரை பாதி போய்விட்டது. கணவனும் மனைவியும் அந்த இருட்டில் கட்டுகளையெல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளி, வீட்டில் இருந்த ஒரே தார்ப்பாயை அவற்றின் மேல் போர்த்தினார்கள். அரிசியும் துணிமணியும் நனைந்தன. சாய்ந்து கிடந்த தென்னைகளைத் தாண்டி மூன்றாம் நாள் அப்போதைய கல்லூரி முதல்வர் அவர் வீட்டுக்குப் போனார். "சார், இவை இனி கல்லூரியில் இருக்கட்டும்" என்று அவரே கேட்டார். பேராசிரியர் கொடைக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அதில் ஒரே ஒரு நிபந்தனைதான் இருந்தது: யார் வந்து கேட்டாலும் காட்ட வேண்டும். முதல்வரும், துறைத்தலைவர் என்ற முறையில் நானும், நூலகரும் கையெழுத்திட்டு ஏற்பு அளித்தோம். துறையின் இருப்புப் பதிவேட்டில் வரிசை எண்ணுடன் பதிந்தோம். மேலே நான் தந்திருக்கும் எண்ணிக்கை அந்தப் பதிவேட்டில் உள்ளது. ஏற்புக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. இவை கல்லூரியின் சொத்து. சொந்தச் சொத்தையே பயனற்றது என்று எழுதி, கொடுத்தவரின் வீட்டுக்கு அதை எடுத்துப்போகச் சொல்லி அறிவிப்பு அனுப்பியிருக்கிறீர்கள்.

மைப்படிகள் மத்தியத் தொல்லியல் துறையிடம் இருக்கின்றனவே, இவை எதற்கு என்று உங்களில் ஒருவர் கேட்டதாக அறிந்தேன். நியாயமான கேள்வி. 1887 முதல் அத்துறை கல்வெட்டுகளைப் படியெடுத்து ஆண்டறிக்கைகளில் பதிந்து வருகிறது. ஆனால் பேராசிரியர் பெரும்பாலும் போனது அவர்கள் விட்ட இடங்களுக்கு. தரைமட்டம் உயர்ந்ததால் புதைந்துபோன அதிட்டானங்களை, அதாவது கோயில் அடித்தளங்களை, ஊராரிடம் அனுமதி பெற்றுத் தோண்டி, அவற்றின் ஒரு கல்வரிசையான குமுதப் படையில் இருந்த வரிகளை எடுத்தார். இடிந்த சிறு கோயில்களிலிருந்து வாய்க்கால் படித்துறைக்குப் போன கற்களிலும், வீட்டு வாசற்படியாகக் கிடந்த துண்டுகளிலும் எடுத்தார். இன்னொன்றும் உண்டு. மைசூரில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டபோது நாம் எல்லோரும் மகிழ்ந்தோம். தொலைவில் இருக்கும் படிகளுக்காக வழக்காடும் நாம் நம் கண்முன் இருக்கும் படிகளைக் கரையானுக்குக் கொடுப்பது எப்படிப் பொருந்தும்?

நோட்டுகளின் கதை வேறு. சோழர் கல்வெட்டில் ஒரு நிலத்தைக் குறிக்கும்போது, இன்ன வதிக்கு மேற்கு, இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, இத்தனையாம் கண்ணாற்று இத்தனையாம் சதிரம் என்று எழுதுவார்கள். வதி வடக்கு தெற்காகவும் வாய்க்கால் கிழக்கு மேற்காகவும் ஓடி நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்தன. கண்ணாறும் சதிரமும் அந்தக் கட்டங்களை எண்ணிச் சொல்லும் சொற்கள். அந்தப் பெயர்களில் எவை இன்றும் ஊரார் வாயில் வழங்குகின்றன என்று அவர் தேடினார். முடிகொண்டான், வீரசோழன் என்று ஆறுகளே சோழர் பட்டப்பெயர்களைச் சுமந்து ஓடும் நாட்டில் சிறு கிளைகளான கன்னி வாய்க்கால்களுக்கு மட்டும் பழம்பெயர் இல்லாமல் போகுமா என்பது அவர் கேள்வி. அரசுக் கணக்கில் அவை 'சி' வாய்க்கால், 'டி' வாய்க்கால் ஆகிவிட்டன. பெயர் போனால் வாய்க்காலும் போகும் என்று அவர் அஞ்சினார். ஆகவே மடை திறந்து அடைக்கும் வேலை பார்த்த முதியவர்களிடமும், நடவாட்களிடமும், ஆடு மேய்ப்பவர்களிடமும் உட்கார்ந்து எழுதினார். பல்கலைக்கழகங்களில் அவர்களைத் 'தகவலாளி' என்று எழுதுவது வழக்கம். அவர் அந்தச் சொல்லை ஒரு நாளும் பயன்படுத்தியதில்லை. ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் 'இன்றைய ஆசிரியர்' என்று எழுதி, அவர்கள் பெயரையும் ஊரையும் எழுதுவார். அந்த ஆசிரியர்களில் பெரும்பாலானோர் இன்று உயிருடன் இல்லை.

அவர் வகுப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் வெட்டுவித்த ஊர்ப் பட்டியலில், வரி நீங்கிய நிலங்களாக ஊர்நத்தமும் குளங்களும் ஊடறுத்துப் போன வாய்க்கால்களும் வருகின்றன. அதே வரிசையில் பறைச்சேரியும் சுடுகாடும் வருகின்றன. பல ஆசிரியர்கள் வாய்க்கால் வரை படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அவர் அங்கேதான் நிறுத்துவார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஊரின் எல்லைக்கோட்டை யார் எங்கே போட்டார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் வரலாறு என்பார். அந்தச் சேரிகளிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த மாணவர்கள் அன்று நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் மூவர் கல்வெட்டுப் படித்து முனைவர் பட்டம் பெற்றார்கள். மூவருக்கும் ஆய்வுப் பொருளைத் தந்தது இந்த நோட்டுகள்தான். தாம் எழுத வேண்டிய புத்தகத்தை இப்படித் துண்டு துண்டாகப் பிறர்க்குக் கொடுத்துவிட்டார் என்று ஒருமுறை நான் வருந்திச் சொன்னேன். அக்கா சிரித்துக்கொண்டே, "அவர் எழுதியிருந்தா ஒரு புத்தகம்தானே வந்திருக்கும்" என்றார். அந்த மூவரும் அவர் வீட்டுத் திண்ணையில் தங்கி, அக்கா வைத்த வத்தக்குழம்பைச் சாப்பிட்டுப் படித்தவர்கள்.

இவையெல்லாம் முடிந்துபோன காலத்தின் செய்திகள் என்று நினைக்க வேண்டாம். ஆடி மாதக் கடைசியில் திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி கல்லூரிக்கு வந்தார். கையில் நில ஆவணங்களான புலப்பட நகலும் அ-பதிவேட்டு நகலும் இருந்தன. அவர் ஊரில் வடிகால் ஒன்றை மனை போடுவதற்காகத் தூர்க்கிறார்கள். அங்கே வாய்க்கால் இருந்ததே இல்லை என்று எதிர்த்தரப்பு சொல்கிறது. பேராசிரியர் பல ஆண்டுகளுக்கு முன் அவருடைய தாத்தாவிடம் உட்கார்ந்து அந்த வடிகாலின் பெயரையும் போக்கையும் எழுதிக்கொண்டு போனது அவருக்கு நினைவிருந்தது. அந்தப் பக்கத்தின் ஒரு நகலைக் கேட்டு வந்தார். அப்படி எதுவும் இங்கே இல்லை என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். விசாரித்துக்கொண்டு அவர் என் வீட்டுக்கு வந்தபோது என்னால் ஒரு தம்ளர் மோர்தான் கொடுக்க முடிந்தது. மேட்டூர்த் தண்ணீர் கடைமடைக்கு வருமா என்று ஒவ்வோர் ஆண்டும் காத்திருப்பவர்கள் இவர்கள். வந்த தண்ணீர் வடியவும் வழி இல்லாமல் போனால் மழையில் இவர்கள் பயிர் அழுகிவிடும். அந்த ஊருக்கான நோட்டு 46-இல் ஒன்று. அது எந்தக் கட்டில் இருக்கிறது, அடியில் இருக்கும் கட்டா என்பது தெரியாமல் நான் தூக்கமின்றி இருக்கிறேன்.

தர மதிப்பீட்டுக் குழு வரவிருப்பதையும், அந்த அறையைத் திரை வைத்த வகுப்பறையாக மாற்ற வேண்டியிருப்பதையும் நான் அறிவேன். அந்த வகுப்பறையை நான் எதிர்க்கவில்லை. அறை வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பவை வேறு.

விலைப்புள்ளி கோரும் முடிவை உடனே நிறுத்தி, அதை எழுத்தில் தெரிவியுங்கள். மழைக்கு முன், அதாவது இந்தப் புரட்டாசி முடிவதற்குள், கட்டுகளை நூலகத்தின் முதல் தளத்தில் ஓர் உலர்ந்த இடத்துக்கு மாற்ற அனுமதியுங்கள். இரண்டு இரும்பு அலமாரிகள் வைக்கும் இடம் போதும். அலமாரிகளை நாங்கள் வாங்கித் தருகிறோம். தூக்கிச் செல்லவும், கரையான் அரித்தவற்றைப் பிரித்து உலர்த்தவும் அவருடைய மாணவர்கள் மூவரும் நானும் வருகிறோம்; கல்லூரிக்கு ஒரு ரூபாய் செலவு வராது. பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தாளையும் எண்ணிச் சரிபார்த்து, இல்லாதவை எவை என்று நீங்களும் நாங்களும் கையெழுத்திட்ட பட்டியல் ஒன்று தயாராக வேண்டும்.

அதன்பின் தாள்களையும் நோட்டுகளையும் மின்படியாக்க வேண்டும். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல் துறை இருக்கிறது; மாநிலத் தொல்லியல் துறையும் இருக்கிறது. அவர்களை அழைத்து ஒரு கடிதம் எழுதுவது உங்களால் ஆகக்கூடியதுதான். இவற்றைக் காப்பாற்றும் வசதி கல்லூரிக்கு இல்லை என்று நீங்கள் உண்மையாகவே கருதினால், அதையும் வெளிப்படையாகச் சொல்லி, அக்காவின் முன்னிலையில், பட்டியலுடன் அவ்விரண்டில் ஒன்றிடம் ஒப்படையுங்கள். அதில் எனக்கு வருத்தம் இருக்கும், புகார் இருக்காது. எங்கே இருந்தாலும் கொடைக் கடிதத்தின் நிபந்தனை தொடர வேண்டும்: வாரத்தில் ஒரு நாளாவது, ஆய்வாளரோ விவசாயியோ, கேட்டு வருபவருக்கு அது காட்டப்பட வேண்டும். அவர் பெயரில் கட்டடமோ சிலையோ விருதோ நாங்கள் யாரும் கேட்கவில்லை.

திருத்துறைப்பூண்டி விவசாயிக்கு வேண்டிய பக்கத்தை, கட்டுகளைப் பிரிக்கும் முதல் நாளிலேயே தேடி எடுத்து, கல்லூரியின் சான்றுடன் நகல் கொடுங்கள். அவருடைய கைப்பேசி எண் என்னிடம் இருக்கிறது.

கடைசியாக, இறந்தவரின் பெயருக்கு அனுப்பிய அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். தபாலில் வேண்டாம். செயலர் நேரில் போக வேண்டும். முகவரி உங்கள் ஓய்வூதியக் கோப்பில் இருக்கிறது. மாலை நான்கு மணிக்கு மேல் அக்கா வீட்டில் இருப்பார்.

இப்படிக்கு,
உங்கள் கல்லூரியின் வரலாற்றுத் துறை முன்னாள் தலைவர்